பச்சைப் புள்ளியைத் தேய்ப்பதா, திருப்பி அனுப்புவதா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் 27 அங்குல மானிட்டர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். எனக்குப் பகல் முழுவதும் வெள்ளைப் பக்கத்தில் எழுத்து வேலை. அதனால் இரண்டு நாட்கள் எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தேன். இருண்ட காட்சி ஒன்றில், திரையின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம், ஒரு பச்சைப் புள்ளி மின்மினி போலத் தெரிந்தது. மின்மினியாவது அணைந்து எரியும். இது எரிந்துகொண்டே இருந்தது.

வைத்தியத்துக்கு இணையத்தில் பஞ்சமில்லை. கண்கூசும் வண்ணங்களை மணிக்கணக்கில் ஓடவிடச் சொன்னார் ஒருவர். ஈரத்துணியை விரலில் சுற்றி அழுத்தச் சொன்னார் இன்னொருவர். பென்சிலின் பின்புற ரப்பரால் தட்டச் சொன்னவரும் உண்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னவரும் உண்டு. படித்துப் பார்த்து, சிலவற்றைச் செய்து பார்த்து, ஒன்பதாம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டு விற்பனையாளரிடம் போனேன். மாற்றித் தருவதற்கான கெடு ஏழாம் நாளே முடிந்துவிட்டது.

அந்த ஆறு நாட்களில் நான் கற்ற பாடம் ஒன்றுதான்: இந்த விஷயத்தில் எதைச் செய்வது என்பதைவிட எதை முதலில் செய்வது என்பது முக்கியம். வீட்டு வைத்தியம் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும், திருப்பி அனுப்பும் உரிமைதான் இருக்காது. பிறகு உறவினர், நண்பர்கள் என்று நாலைந்து திரைகளின் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. அவற்றையும் சேர்த்து, எந்தக் கோளாறுக்கு எந்த வழி உதவும் என்று எனக்குத் தெரிந்தவரை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில் அது என்ன புள்ளி?

திரையில் படத்தை உருவாக்கும் நுண்கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். அதில் வரும் எல்லாப் புள்ளிக்கும் கடையில் ஒரே பெயர்தான்: டெட் பிக்சல். ஆனால் செத்த பிக்சலும் சிக்கிய பிக்சலும் ஒன்றல்ல. 2560×1440 திரையில் 36,86,400 பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள். ஆக மொத்தம் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல். எல்சிடி திரையில் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடுவதும் மறிப்பதும் திரவப் படிகத்தின் வேலை. அந்தப் படிகத்துக்கு ஆணையிட ஒவ்வொரு துணைப் பிக்சலுக்கும் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. 27 அங்குலத் திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.233 மில்லிமீட்டர். துணைப் பிக்சல் அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய தலைமுடி ஒன்றின் தடிமன். ஒரு கோடி முடிகளில் ஒன்று ஆணைக்குக் கீழ்ப்படியாமல் திறந்தே நின்றால் அது சிக்கிய பிக்சல். திறக்கவே மறுத்தால் அது செத்த பிக்சல்.

கண்டுபிடிப்பது எளிது. முழுத் திரையையும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக ஒரே நிறத்தில் நிரப்பிப் பாருங்கள். கறுப்பில் வண்ணமாக ஒளிர்ந்து வெள்ளையில் காணாமல் போனால், சிக்கியது. எந்த நிறத்திலும் கரும்புள்ளியாகவே இருந்தால், முழுப் பிக்சலும் செத்தது. கறுப்பில் ஒன்றும் தெரியாமல் வெள்ளையில் மட்டும் ஊதா கலந்த சிவப்பாகத் தெரிந்தால், பச்சைத் துணைப் பிக்சல் மட்டும் செத்திருக்கிறது என்று பொருள். வெள்ளையிலிருந்து பச்சையைக் கழித்தால் மிஞ்சும் நிறம் அதுதான்.

அதற்கும் முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை வேறொரு சாதனத்தில் திறந்து பாருங்கள். அங்கேயும் அதே புள்ளி இருந்தால் குற்றம் திரையுடையதல்ல. தூசியா என்று மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பதிலும் தவறில்லை.

புள்ளி நகர்ந்தால்? சிரிக்க வேண்டாம், இது நம் ஊரில் நடக்கிற விஷயம். மழைக்காலத்தில் வெளிச்சம் தேடி வரும் கடுகளவுகூட இல்லாத பூச்சிகள், மானிட்டரின் காற்றுத் துளை வழியே நுழைந்து, படம் காட்டும் பலகையான பேனலுக்கும் பின்விளக்குக்கும் இடையே ஊர்ந்துவிடும். அதை விரலால் நசுக்கிவிட்டால் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிரந்தரக் கரும்புள்ளியாகிவிடும். மானிட்டரை அணைத்துவிட்டு, அறையில் வேறொரு விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். வந்த வழியே போக அதற்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

இனி, புள்ளி எந்த நிறம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவெடுப்பதில் இதற்கு நாம் நினைப்பதைவிட அதிக எடை உண்டு. கணினித் திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி வரையறைப்படி, வெள்ளையின் பிரகாசத்தில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. சிக்கிய நீலப் புள்ளியோடு குடித்தனம் நடத்திவிடலாம், பல நாட்கள் அது இருப்பதே மறந்துபோகும். பச்சை அப்படியல்ல.

திருப்பி அனுப்புதல்

புதிய திரை என்றால் நான் முதலில் வைப்பது இதைத்தான். காசு செலவில்லை, வெற்றி பெற்றால் முழு வெற்றி. ஆனால் இரண்டு வேறு உரிமைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விற்பனையாளர் தரும் சில நாள் கெடு ஒன்று, தயாரிப்பாளர் தரும் வாரண்டி இன்னொன்று. ‘மூன்று வருட வாரண்டி இருக்கிறதே’ என்ற நிம்மதியில்தான் நான் கெடுவைக் கோட்டைவிட்டேன்.

வாரண்டியில் ஒரு புள்ளி என்பது பெரும்பாலும் குறையாகவே கணக்கில் வராது. இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 2001இல் வெளியான ஐஎஸ்ஓ 13406-2 என்ற தரநிலை, தட்டைத் திரைகளைப் பிக்சல் குறைகளின் அடிப்படையில் நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. தயாரிப்பாளர்கள் விரும்பி அணிந்துகொண்டது இரண்டாம் வகுப்பை. அதன்படி பத்து லட்சம் பிக்சல்களுக்கு எப்போதும் ஒளிரும் முழுப் பிக்சல் 2, எப்போதும் இருண்ட பிக்சல் 2, துணைப் பிக்சல் குறை 5 வரை இருக்கலாம். என் திரைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஏழு வெண்புள்ளி, ஏழு கரும்புள்ளி, பதினெட்டு வண்ணப் புள்ளி இருந்தாலும் அது ‘நல்ல’ திரை! 2008இல் இந்தத் தரநிலையின் இடத்துக்கு ஐஎஸ்ஓ 9241 வரிசை வந்துவிட்டது. ஆனாலும் ‘சில புள்ளிகள் சகஜம்’ என்ற மனப்பான்மை வாரண்டித் தாள்களின் பொடி எழுத்தில் இன்றும் வாழ்கிறது. என் ஒற்றைப் பச்சைப் புள்ளிக்குத் தயாரிப்பாளரின் சேவை மையம் சொன்ன பதிலும் அதுதான்: அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது.

எல்லோரும் அப்படியல்ல. டெல் நிறுவனம் தன் அல்ட்ராஷார்ப் வரிசைக்கு, ஒளிரும் பிக்சல் ஒன்று இருந்தாலும் பேனலை மாற்றித் தரும் கொள்கையை வைத்திருக்கிறது. வாங்கும் முன் வாரண்டித் தாளில் பிக்சல் பற்றிய பத்தி எங்கே என்று தேடிப் படிப்பது, பளபளப்பான விளம்பரத்தைப் படிப்பதைவிட லாபம்.

திருப்பி அனுப்புவதிலும் ஒரு சூதாட்டம் இருக்கிறது. மாற்றாக வருவதில் இரண்டு புள்ளிகள் இருக்கலாம், ஓரத்தில் வெளிச்சம் கசியலாம், வாரண்டியில் வருவது புதுப்பிக்கப்பட்ட திரையாகவும் இருக்கலாம். ஆகவே மூலையில் ஒரு நீலப் புள்ளி, மற்றபடி திரை குறையில்லாமல் சீராக இருக்கிறது என்றால், நான் வைத்துக்கொள்வேன். நடுவில் பச்சையோ வெள்ளையோ என்றால், பெட்டியை மூடி அனுப்பிவிடுவேன். கெடுவுக்குள் கேட்டும் விற்பனையாளர் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. புள்ளி தெரியும்படி கறுப்புத் திரையையும், அட்டையிலுள்ள வரிசை எண்ணையும் முதல் நாளே படமெடுத்து வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும்.

எந்தத் திரை வந்தாலும் பிரித்த அன்றே ஐந்து நிறச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் மூன்றாம் நாள் இரவுவரை காத்திருந்ததற்குக் காரணம் சோம்பல் தவிர வேறில்லை.

மின்ன விடும் வைத்தியம்

கெடு முடிந்துவிட்டது, அல்லது திரை பழையது. அப்போது முதலில் முயல வேண்டியது இது. புள்ளி இருக்கும் இடத்தில் சிறு சாளரத்தைத் திறந்து, வண்ணங்களை நொடிக்குப் பல முறை மாற்றி மாற்றி ஓடவிடுவார்கள். பிரௌசரிலேயே ஓடும் ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ், விண்டோஸில் நிறுவிக்கொள்ளும் யுடிபிக்சல் போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. இரண்டுக்கும் காசு இல்லை. மின்னழுத்தம் இடைவிடாமல் மாறும்போது, தேங்கிய மின்னூட்டமோ மந்தமான படிகமோ விடுபட்டுப் பழையபடி அசையத் தொடங்கும் என்பதுதான் நம்பிக்கை. டிரான்சிஸ்டரே குறுக்குச்சுற்று ஆகியிருந்தால் எத்தனை நாள் மின்னவிட்டாலும் அது அசையாது. செத்த பிக்சலுக்கு இந்த வைத்தியமே பொருந்தாது.

பெரும்பாலான புள்ளிகள் பத்து நிமிடத்துக்குள் சரியாகிவிடும் என்கிறது ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ். என் அனுபவக் கணக்கு அவ்வளவு தாராளமானதல்ல. என் பச்சைப் புள்ளிக்கு முதலில் ஒரு மணி நேரம், பிறகு ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டேன், அது கண்டுகொள்ளவே இல்லை. சித்தப்பா மகனின் மடிக்கணினியில் இருந்த சிவப்புப் புள்ளி இருபது நிமிடத்தில் மறைந்து, இன்றுவரை திரும்பவில்லை. எல்சிடி திரைக்கு இதனால் கெடுதல் இல்லை என்பதால் முயன்று பாருங்கள். ஆனால் ஒரு மணி நேரம், பலிக்காவிட்டால் ஓர் இரவு, அதோடு விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் ஓடவிடுவது பிடிவாதம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். வேகமாக மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் இருந்தால் இதைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்களும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்காமல், ஒரு துண்டைத் திரைமேல் போட்டுவிட்டு எழுந்து போவது கண்ணுக்கு நல்லது.

அழுத்துவது

இதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அழுத்தும்போது புள்ளி மறையும், நானே பார்த்திருக்கிறேன். பழைய மானிட்டர் ஒன்றில் துணி சுற்றிய விரலால் அழுத்தினேன். புள்ளி போய்விட்டது. வெற்றிக் களிப்பில் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு வாரத்தில் புள்ளி திரும்பி வந்தது, கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு வெளிறிய திட்டையும் அழைத்து வந்தது. புள்ளியைக் கறுப்பில் தேடினால்தான் தெரியும், திட்டு எல்லா நிறத்திலும் தெரிந்தது.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் நிற்கும் இடைவெளி வெறும் சில மைக்ரோமீட்டர்தான். அந்த இடைவெளியைச் சீராகத் தாங்கிப் பிடிக்கும் நுண்தூண்கள் உள்ளே இருக்கின்றன. விரலின் அழுத்தம் ஒரு துணைப் பிக்சலோடு நிற்காது, சுற்றிலும் உள்ள ஆயிரக்கணக்கான பிக்சல்களின் மேலும்தான் விழும். முன்புறப் படலத்தில் கீறல் விழுந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான். அழுத்தத் தடம் கண்டால் வாரண்டியை மறுக்க சேவை மையத்துக்கு வேறு காரணம் தேவையில்லை. பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் இதைக் கனவிலும் செய்யக் கூடாது. வெந்நீர் ஒத்தடத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஒளிவடிகட்டிப் படலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படியும் தூக்கிப்போடப் போகும் திரை என்றால் அழுத்திப் பாருங்கள். மற்றபடி வேண்டாம்.

நிழலும் தழும்பும்

புள்ளியை விட்டுவிட்டு இரண்டாவது கோளாறுக்கு வருவோம். ஒரே படம் நெடுநேரம் நின்றதால் திரையில் அதன் சுவடு தங்கிவிடுவது. இதற்கும் கடையில் ஒரே பெயர்: பர்ன்-இன். ஆனால் எல்சிடியில் நடப்பது ஒன்று, ஓஎல்இடியில் நடப்பது முற்றிலும் வேறொன்று. வைத்தியம் தேடுபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்தப் பெயர் குழாய்த் திரைகளின் காலத்தில் வந்தது. பழைய ஏடிஎம்களில் ‘கார்டைச் செருகவும்’ என்ற வரி, வேறு பக்கம் திறந்தபோதும் ஆவிபோல அடியில் தெரிந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். கண்ணாடியின் உட்புறம் பூசிய பாஸ்பர் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துபோன அடையாளம் அது. ஸ்கிரீன்சேவர் பிறந்ததே இதைத் தடுக்கத்தான். ஜான் சோகா என்பவர் 1983இல் ஐபிஎம் பிசிக்கு எழுதிய சிறு நிரல், சில நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் திரையை இருட்டாக்கிவிடும். பறக்கும் ரொட்டி சுடும் இயந்திரங்களும் நீந்தும் மீன்களும் பிறகு வந்த அலங்காரம்.

எல்சிடியில் பாஸ்பர் இல்லை. ஒரே மின்னழுத்தம் நெடுநேரம் நின்றால், திரவப் படிகத்தில் கலந்திருக்கும் அயனிகள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுவிடுகின்றன. படம் மாறினாலும் அவை உடனே கலையாததால் பழைய படத்தின் மங்கிய நிழல் தெரிகிறது. இதைத் தவிர்க்கத்தான் திரைகள் மின்னழுத்தத்தின் திசையை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்கின்றன, அப்படியும் சில பேனல்களில் வரும். 2012இல் வெளிவந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவின் சில பேனல்களில் இது நீதிமன்றம்வரை போனது.

இதற்கு மருந்து ஓய்வுதான். திரையை அணைத்துப் போடுங்கள், அல்லது முழு வெள்ளையையோ அசையும் படத்தையோ ஓடவிடுங்கள். நிழலை உண்டாக்கிய படம் எவ்வளவு நேரம் நின்றதோ, அதற்குக் குறையாத நேரம் கொடுங்கள். பக்க வடிவமைப்பு செய்யும் நண்பர் ஒருவரின் திரையில் கருவிப்பட்டையின் நிழல் இருந்தது. புதிய மானிட்டருக்கு விலை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அணைத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொன்னேன். திங்கட்கிழமை நிழலும் இல்லை, மானிட்டர் வாங்கும் பேச்சும் இல்லை. எல்சிடி நிழலுக்குக் காசு கேட்கும் எந்த மென்பொருளையும் நம்பாதீர்கள்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு துணைப் பிக்சலும் தானே ஒளிர்கிறது. ஒளிரும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் கரிமப் பொருள் சற்றுத் தேய்கிறது, நீலம் எல்லாவற்றையும்விட வேகமாக. கோயில் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நடுவில் ஏறுவதால் நடுப்பகுதி மட்டும் குழிந்துபோகிறது. டாஸ்க்பார், செய்திச் சேனலின் முத்திரை, விளையாட்டின் மதிப்பெண் பலகை இவையெல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் கால்கள். இதை எரிந்தது என்பதே தவறு, தேய்ந்தது என்பதுதான் சரி. தேய்ந்த கல் வளராது.

மின்னணுப் பொருட்களைச் சோதித்து விமர்சிக்கும் கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2018இல் ஆறு எல்ஜி சி7 ஓஎல்இடி தொலைக்காட்சிகளை வாங்கி, நாளுக்கு 20 மணி நேரம் வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஓடவிட்டுச் சோதித்தது. சிஎன்என் சேனலை முழுப் பிரகாசத்தில் காட்டிய பெட்டி மோசமாகத் தழும்பேறியது. அதே சேனலைக் குறைந்த பிரகாசத்தில் காட்டிய பெட்டியில் தழும்பு மெதுவாகவே வந்தது. இந்தக் கணக்கில் பிரகாசம்தான் வட்டி விகிதம்.

தழும்புக்கு இருக்கும் வழிகளை இப்போது பார்ப்போம். முதலாவது, திரையிலேயே இருக்கும் பிக்சல் புதுப்பிப்பு. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஓஎல்இடி மானிட்டர்கள் பலவற்றில் நான்கு மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை சில நிமிடச் சுற்று ஒன்று ஓடும், நெடுங்காலத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும் பெரிய சுற்று ஒன்றும் உண்டு. தேய்மானத்தை அளந்து, தேய்ந்த இடத்துக்கு மின்னோட்டத்தைச் சரிக்கட்டுவதுதான் இதன் வேலை. உண்மையான தழும்பல்லாத தற்காலிகச் சுவடு என்றால் இதிலேயே போய்விடும். ஆகவே எதையும் முடிவு செய்யும் முன் இதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம். தேவையில்லாமல் தினமும் பெரிய சுற்றை ஓட்டக் கூடாது.

இதில் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இரவு படுக்கப் போகும் முன் சுவர் சுவிட்சை அணைப்பது நம் வழக்கம். மின்சாரச் சிக்கனத்துக்கு நல்லது, இடி மின்னலுக்கும் நல்லது. ஆனால் அந்தச் சிறு சுற்று ஓடுவது திரை உறக்கநிலையில், மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது. சுவிட்சை அணைத்தால் அது ஓடவே ஓடாது. என் அண்ணன் மகனின் ஓஎல்இடி மானிட்டர் இரண்டே ஆண்டில் சாம்பல் பின்னணியில் டாஸ்க்பாரின் கோட்டைக் காட்டத் தொடங்கியது. விசாரித்தால், முழுப் பிரகாசம், நாள் முழுவதும் அதே நிரலாக்கச் சாளரம், இரவு பத்து மணிக்குத் தாத்தா அணைக்கும் சுவிட்ச். தாத்தாவைக் குறை சொல்ல முடியுமா? அந்தப் பிளக்கை மட்டும் வேறு சுவிட்சுக்கு மாற்றிவைத்தோம்.

இரண்டாவது, யூடியூபில் கிடைக்கும் ‘பர்ன்-இன் நீக்கும்’ வண்ணக் காணொளிகளும் நிறங்களைத் தலைகீழாக்கிய எதிர்மறைப் படத்தை ஓடவிடும் தந்திரமும். படிக்கட்டு உவமையில் இது என்னவென்றால், நடுவில் குழிந்த படியின் இரு ஓரங்களையும் உளியால் செதுக்கிச் சமமாக்குவது. பார்வைக்குச் சமமாகும், கல் மொத்தமும் மெலியும். திரையின் ஆயுளை எடுத்து அதன் அழகுக்குக் கொடுக்கிறீர்கள். தழும்பு வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்து, வாரண்டியும் இல்லை என்றால் மட்டும் யோசிக்கலாம். சிக்கிய பிக்சலுக்கான மின்னும் மென்பொருளையும் ஓஎல்இடியில் இரவெல்லாம் ஓடவிடாதீர்கள். அது ஓடும் சதுரமே புதிய தேய்மானமாகிவிடும்.

மூன்றாவது வாரண்டி. ஓஎல்இடி வாங்குபவர் விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஐபோன் எக்ஸ் வந்தபோது, நெடுங்காலப் பயன்பாட்டில் சுவடு படிவது ஓஎல்இடியின் எதிர்பார்க்கத்தக்க இயல்பு என்று ஆப்பிள் எழுதி வைத்தது. கூகுளின் பிக்சல் 2 எக்ஸ்எல் கைபேசியில் 2017இல் இதே புகார் கிளம்பியபோது, அந்நிறுவனம் வாரண்டியை இரண்டு ஆண்டாக நீட்டியது. 2022இல் வந்த ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ மானிட்டருக்கு டெல் அறிவித்த மூன்று ஆண்டு வாரண்டியில் பர்ன்-இன்னும் அடக்கம். அதன் பிறகு வேறு சில தயாரிப்பாளர்களும் அதே வழிக்கு வந்தார்கள். ஆனால் வாரண்டி விதி நாட்டுக்கு நாடு மாறக்கூடியது. வெளிநாட்டு விமர்சனத்தில் படித்ததை வைத்து இங்கே வாங்காதீர்கள், இந்தியப் பக்கத்தில் ‘பர்ன்-இன்’ என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேனலை மாற்றுவது

எல்லாம் தோற்றபின் வரும் வழி இது. இங்கே மடிக்கணினிக்கும் மேசை மானிட்டருக்கும் ஒரே பதில் இல்லை. மானிட்டரின் விலையில் பெரும்பங்கு பேனலுக்கே போகிறது. தனியாகப் பேனல் வாங்கி, கூலி கொடுத்து, பிரிக்கும்போது உள்ளே தூசி போகாமல் வேண்டிக்கொள்வதற்கு, புதிய மானிட்டரே மேல்.

மடிக்கணினியில் கணக்கு மாறுகிறது. ஒரு புள்ளிக்காகவோ சிறு தழும்புக்காகவோ கணினி முழுவதையும் மாற்ற யாருக்கும் மனம் வராது, பேனலோ தனியாகக் கிடைக்கிறது. சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் மேசைமேல் வைத்தே மாற்றித் தருவார்கள். போகும் முன் பழைய பேனலின் பின்புறத் தாளிலுள்ள மாதிரி எண் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அளவு மட்டும் பொருந்தினால் போதாது. இணைப்பி 30 முனையா 40 முனையா, பிக்சல் எண்ணிக்கை என்ன, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலா என்பதையெல்லாம் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் நிறம் மாறும் மலிவான டிஎன் பேனல் வந்து உட்கார்ந்துவிடும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஐந்து நிறச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் நல்லா இருக்கும் சார்’ என்பார். நல்லா இருந்தால் காட்டுவதில் என்ன?

ஓஎல்இடி மடிக்கணினிக்கு இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். அதன் பேனல் விலை கேட்டால் பழைய கணினியின் மதிப்பில் பெரும்பகுதியாக இருக்கும். தழும்பேறிய மானிட்டர் வைத்திருக்கும் அண்ணன் மகனும் பேனல் மாற்றப் போகவில்லை. பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்தான், டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்தான், பின்னணியைக் கறுப்பாக்கினான், ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி செய்தான். பழைய கோடு அப்படியே இருக்கிறது, புதிதாக எதுவும் சேரவில்லை. அடுத்த முறை என்ன வாங்கலாம் என்று என்னைக் கேட்டான். நாள் முழுவதும் அசையாத சாளரங்களோடு வேலை என்றால் ஐபிஎஸ் எல்சிடி, மாலையில் படமும் விளையாட்டும்தான் பிரதானம் என்றால் ஓஎல்இடி என்றேன். அவன் இரண்டையும் வாங்கலாமே என்கிறான். சம்பாதிக்கிற பையன், சொல்லலாம்.

என் பச்சைப் புள்ளியை நான் அதன் போக்கில் விட்டுவிட்டேன். சிக்கிய துணைப் பிக்சல் வெள்ளையில் தெரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த மானிட்டரை எழுத்து வேலைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, படம் பார்ப்பதைக் கூடத்துத் தொலைக்காட்சிக்கு மாற்றிக்கொண்டேன். இந்தக் கட்டுரையை எழுதும்போது ஒருமுறை அதைத் தேடிப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தில் கிடைக்கவில்லை. கறுப்புப் பின்னணியைப் போட்டதும், அதே இடத்தில், அதே பச்சை.